விறகு நுழையாத கதவு

பேசக் கூடாது, படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, முடிந்தவரை எதையும் போட்டு யோசிக்கவும் கூடாது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்ன ஜெபமணி சிஸ்டர், தான் மட்டும் ஒரு பாட்டம் பேசித் தீர்த்த பிறகுதான் அறையின் விளக்கைத் தணித்தாள். "டீச்சருக்குப் பாளையங்கோட்டையா? அப்ப நம்ம பக்கம்தான். எனக்கு நாசரேத். மதுரைக்கு வந்து எத்தனையோ வருசமாச்சு, இன்னும் இவங்க சாம்பார் எனக்குப் பிடிபடலை. சரி, கண்ணை மூடிக்கோங்க. ஊசியில போனது ஒருமாதிரிச் சர்க்கரைத் தண்ணிதான். அது போயி மூளையில நிதானமா உக்காரணும். நீங்க பாட்டுக்கு மருமகளை நினைச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்கன்னா அது கண்ட இடத்துக்கு ஓடிரும்." "எனக்கு மருமகள் இல்லை, மருமகன்தான்" என்று சொல்ல வாயெடுத்தவளை, "ம்ஹும், பேசக் கூடாது" என்று தடுத்து, கூப்பிட வேண்டுமானால் அமுக்கச் சொல்லி ஒரு பொத்தானை உள்ளங்கையில் வைத்து, கம்பளியை மார்புவரை இழுத்துவிட்டுப் போனாள். கதவு தானாக மெல்ல வந்து சாத்திக்கொண்டது. மங்கையர்க்கரசி, அறுபத்துநாலு வயது, மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள், வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்களைப் பேசாதே பேசாதே என்று சொல்லியே தொண்டை கட்டிப்போனவள், இப்போது தன் முறை வந்ததென்று பேசாமல் கிடந்தாள். ஆனால் யோசிக்காமல் கிடப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. யோசிக்காதே என்று மனதுக்குச் சொல்வதும் ஒரு யோசனைதான். அதற்கும் கொஞ்சம் சர்க்கரை செலவாகியிருக்கும். தலைக்கு மேல் எங்கோ ஏசி முனகியது. கூரையில் ஈரம் பட்டுக் காய்ந்த ஒரு கறை, அமீபா மாதிரி, இங்கே ஒரு கால் அங்கே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடச் சொன்னார்களே. மூடினாள். அமீபாவும் கூடவே உள்ளே வந்தது.

டாக்டர் நவநீதன் போன வாரமே விளக்கியிருந்தார். மூளை ஓயாமல் சர்க்கரை தின்கிற உறுப்பு, அந்தச் சர்க்கரையில் ஒரு பொடி விளக்கைக் கட்டி உள்ளே அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகத் தின்கிற இடம் படத்தில் பிரகாசமாக விழும், வேலையைக் குறைத்துக்கொண்ட இடம் மங்கலாக விழும், மறதி நோய் என்றால் எந்தெந்த இடம் முதலில் மங்கும் என்று எங்களுக்குத் தெரியும். நல்ல வாத்தியாராக வந்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். இப்போது அந்தச் சர்க்கரை கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக மேலே ஏறிப் போயிருக்கும். கல்யாணப் பந்தி மாதிரி அவளுக்குத் தோன்றியது. ரத்தம் என்கிற ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருகிறான். பார்க்கிற இடத்தின் இலையில் ஒரு கரண்டி, கேட்கிற இடத்தின் இலையில் ஒரு கரண்டி. ஏசியின் முனகலை ரொம்பக் கேட்டால் காதின் இலையில் கூடுதலாக விழுந்துவிடும். அமீபாவையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்மண்டையின் இலை நிரம்பி வழியும். ஞாபகத்தின் இலை எங்கே இருக்கிறது? கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பரிமாறுகிறவன் கண்ணில் படாத இடத்தில். ஏப்பா, இங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது, இங்கேயும் போடு என்று மனசுக்குள் சொன்னாள். அந்த இலைதான் காலி என்று ஆறு மாதமாக அவளுக்குப் பயம். உழவர் சந்தையில் கண்ணெதிரே ஊதா நிறத்தில் பளபளவென்று குவித்து வைத்திருக்கிறது, காம்பில் முள் இருக்கிறது, வீட்டில் புளிக்குழம்புக்கு வெங்காயம் உரித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், பெயர் மட்டும் வரவில்லை. கடைக்காரி, "என்ன டீச்சர் வேணும்?" என்கிறாள். "சொலானம் மெலொஞ்சினா அரைக்கிலோ" என்று வாய் தாவரவியல் பெயரைச் சொல்லிவிட்டது. "அதெல்லாம் நம்மகிட்ட இல்ல டீச்சர், கத்தரிக்கா வேணா தாரேன்." கூட வந்த கணவர் சங்கரலிங்கம் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பை நிறுத்திவிட்டார். அதன் பிறகு சல்லடை என்ற சொல் ஒரு காலை முழுக்க வரவில்லை. எதிர்வீட்டு அம்மாவின் பெயர் வரவில்லை. ஓசூரிலிருந்து மகள், "படம் எடுத்துப் பாத்திருவோம்மா, படத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள். என்ன முடிவு என்று சொல்லவில்லை, ஆனால் தெரியும்: வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் ஓசூரில் ஏழாவது மாடி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். படம் மங்கலாக வந்துவிட்டால் அப்புறம் அவள் சொல்வதை யாரும் சொன்னபடிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரிம்மா, சரிம்மா என்பார்கள். சங்கரலிங்கத்தின் பெரியம்மாவுக்கு அப்படித்தான் எல்லாரும் சரி சரி என்றார்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று அந்த அம்மா நிஜமாகவே பொங்கின பாலைச் சொன்னபோதும் சரி சரி என்றுதான் சொன்னார்கள்.

அதற்காகத்தான் இந்த வருடம் மிளகு. ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு அவள் வருடா வருடம் விரதம்தான், ஆனால் ஒருவேளை பாலும் பழமும் உண்டு. அவளுடைய அம்மா மாதிரி மிளகு விரதம் இருந்ததில்லை: முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஒவ்வொன்றாக ஏறி, சூரசம்ஹாரத்தன்று ஆறு. அதைத் தவிர தண்ணீர் மட்டும். படமெடுக்க நாள் குறித்துக் கொடுத்தபோது அது சஷ்டிக்குள் விழுந்ததைப் பார்த்ததும் முருகனே கொடுத்த தேதி என்று நினைத்துக்கொண்டு, படம் வெளிச்சமாக வரட்டும் என்று மிளகு நேர்ந்துவிட்டாள். சங்கரலிங்கத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் மிளகுடப்பாவையே தூக்கித் தெருவில் வீசுகிற ஆள். அவர் ஆற்றி வைக்கிற பாலைத் தினமும் பின்கதவு வழியாகப் பூனைக்கு ஊற்றினாள். பூனை இந்த ஐந்து நாளில் கொஞ்சம் சதை போட்டுவிட்டது. இன்றைக்கு உண்டான ஐந்து மிளகும் திருநீற்றுப் பொட்டலத்துக்குள், வெளியே அவர் மடியில் இருக்கிற கைப்பைக்குள். படம் முடிந்ததும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் கோபம். குழாயில் தண்ணீர் சொட்டுவதற்குக்கூடக் கோபம். மூன்றாம் நாள் பசி, எழுந்து போன விருந்தாளி மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நேற்றிலிருந்து ஒரு தெளிவு. துவைத்து உதறிய வேட்டியைக் கொடியில் விரித்த மாதிரி தலைக்குள் ஒரு வெளுப்பு, ஒரு காற்று. பயம் இருந்தது, ஆனால் தொலைவில், வேறு யாருடைய பயமோ போல் இருந்தது. இன்று காலை சிஸ்டர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "அறுபத்தெட்டு. சர்க்கரையே இல்லாத உடம்பு. காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?" என்றாள். இல்லை. "ராத்திரிக்குப் பெறவு?" இல்லை. "அப்படித்தான் இருக்கணும். ஆறு மணி நேரம் வெறும் வயிறுன்னு சொன்னா, காப்பி மட்டும் குடிச்சேன், ரெண்டே ரெண்டு இட்லின்னு வந்து நிப்பாவ. நீங்க படிச்சவங்க." கேட்டதற்குச் சரியான பதில் சொன்னாள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு நல்லது என்றால் ஐந்து நாள் வெறும் வயிறு இன்னும் நல்லது. விரதம் இருந்து பழகினவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். குறைத்துச் செய்தால் குற்றம், கூட்டிச் செய்தால் என்ன போயிற்று.

என்ன போயிற்று. அந்த இடத்தில் நினைப்பு துணி ஆணியில் மாட்டின மாதிரி நின்றது. என்னமோ போயிற்று. எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறின மாதிரி. சாவியா, கண்ணாடியா, அடுப்பை அணைத்தோமா. அடுப்பு. அடுப்பு என்றதும் கரும்பலகை வந்தது. பதினொன்றாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட், எல்லாப் பிள்ளைகளின் வயிறும் கூவுகிற நேரம். அந்த நேரத்தில்தான் அவள் இந்தப் பாடத்தை நடத்துவாள். மூளை ஒரு அடுப்படி, பிள்ளைகளா. அடுப்பு எந்நேரமும் எரியணும், ராத்திரி தூங்கும்போதும் எரியணும். எரிகிறது சர்க்கரை, குளுக்கோஸ். சாப்பிட்டது தீர்ந்துபோனால்? கல்லீரலில் ஒரு ஸ்பேர் சிலிண்டர் இருக்கு, அதுக்குப் பேரு கிளைகோஜன். ராப்பொழுது தாங்கும், மிஞ்சினால் ஒரு பகல். அதுவும் தீர்ந்துபோனால்? கொஞ்சம் சதையைக் கரைத்துச் சர்க்கரை பண்ணிக்கும், ஆனால் வீட்டுச் சுவரை இடிச்சுச் செங்கல்லை விற்கிற மாதிரி, ரொம்ப நாள் பண்ண முடியாது. அதனால், அதனால் என்று கரும்பலகை முன்னால் நின்றாள். கையில் சாக்பீஸ் இருக்கிறது. அதனால் உடம்பு மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவரும். அதன் பேர்? பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கெரட்டின். இல்லை, அது நகத்தில் இருக்கிறது. கைட்டின். இல்லை, அது கரப்பானுடைய ஓடு. கரோட்டின் கேரட்டில். மூன்றும் வாசலில் வந்து நின்று, நானா நானா என்று கேட்டுவிட்டுப் போயின. தேடுகிற சொல் அந்த மூன்றுக்கும் பங்காளி மாதிரி முகஜாடையில் இருக்கிறது, ஆனால் வர மாட்டேன் என்கிறது. இதோ, இதுதான் அது. கத்தரிக்காய் போன வழியில் இதுவும் போயிற்று. இந்த நிமிடம் படமெடுத்தால் அந்தக் கடைசி வரிசை இலை வெறுமையாக விழும், டாக்டர் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். தேடாதே, தேடாதே என்று சொல்லிக்கொண்டாள். சல்லடையும் தேடுவதை விட்டுவிட்டுச் செருப்பை வாசலில் ஒதுக்கும்போதுதான் வந்தது. வேறெதையாவது நினை. மருமகனை நினை. நல்ல பையன். ஓசூரில் ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் தைலமரங்கள் தெரியும். யூகலிப்டஸ் குளோபுலஸ். பார், அதெல்லாம் வருகிறது.

கால் குளிர்ந்தது. கம்பளியை மெல்ல மூக்குவரை இழுத்துக்கொண்டாள். தன் மூச்சே கம்பளிக்குள் சூடாகத் திரும்பி வந்தது, அதில் ஒரு வாசனை. அழுகத் தொடங்கின பழத்தின் வாசனை, இல்லை, அன்னாசி, இல்லை, அதுவும் இல்லை. காலையில் பஸ்ஸில் சங்கரலிங்கம் அவள் பக்கம் குனிந்து, "என்னளா, பழவாசம் அடிக்கி? ராத்திரி பழம் சாப்பிட்டியாக்கும்? நல்லது நல்லது, வெறும் பாலை மட்டும் குடிச்சுக்கிட்டுக் கெடக்காதே" என்று சந்தோஷப்பட்டாரே, அந்த வாசனை. அவள் பழத்தைத் தொடவே இல்லை. அப்படியானால் பழம் எங்கிருந்து வந்தது? விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, பஞ்சில் எதையோ நனைத்து நகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வீடு முழுக்க அந்த நெடி, ஆச்சி முகத்தைச் சுளிக்கிறாள் என்று அவள் சிரிக்கிறாள். அந்த நெடிதான் இது. சீசாவில் என்ன எழுதியிருந்தது? அசிட்டோன். அசிட்டோன் என் வாய்க்குள் எப்படி வந்தது? கேள்வி வந்ததும் கூடவே ஒரு குரல் வந்தது, ஒல்லியான, மூக்கால் பேசுகிற குரல், கடைசி பெஞ்சிலிருந்து. பேச்சித்தாய். எழுந்து நின்றால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். "டீச்சர், எங்கம்மை சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கெடப்பா. நாலாம் நாளுதான் மண்டை தெளிவா இருக்கு, பசியே இல்லங்கா. நீங்க சொல்லுத மாதிரி சிலிண்டர் தீந்துபோச்சுன்னா மூளை அணைஞ்சுல்லா போவணும்? அவ அன்னைக்குத்தான் எங்க அப்பன்கூட நல்லா சண்டை போடுதா." வகுப்பே சிரித்தது. மங்கையர்க்கரசியும் சிரித்தாள், ஆனால் பதில் பாடப்புத்தகத்தில் இல்லை. அன்று சாயங்காலம் பரண்மேல் கிடந்த கல்லூரிப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிப் படித்துவிட்டு, மறுநாள் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தாள். வீட்டுக்குக் கொல்லையில் விறகு அட்டி அட்டியாகக் கிடக்கிறது, அதுதான் உடம்பின் கொழுப்பு. ஆனால் அடுப்படிக்கு ஒரே ஒரு கதவு, ரொம்பக் குறுகல். மூளையின் கதவு. அந்தக் கட்டை அதற்குள் நுழையாது. அதனால் கல்லீரல் என்ன செய்யும் தெரியுமா, கொல்லையில் உட்கார்ந்து கட்டையைச் சிறுசிறு சுள்ளியாக வெட்டிக் கொடுக்கும். சுள்ளி அந்தக் கதவுக்குள் நுழையும். மூன்று நாள் நாலு நாள் பட்டினி கிடந்தால் அடுப்படியில் சுள்ளியும் சேர்ந்து எரியும். சர்க்கரை குறைவாகப் போதும். கொஞ்சம் சுள்ளி தானாகவே உடைந்து புகையாக மூச்சில் வெளியே போகும், அதனால்தான் உன் அம்மா வாயில் பழவாசனை அடிக்கும், கேட்டுப் பார். "ஆமா டீச்சர், அடிக்கும்!" என்று பேச்சித்தாய் கத்தினாள், புதையல் கிடைத்தவள் மாதிரி. அந்தச் சுள்ளியின் பேரைக் கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். கை இன்னும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. கோட்டுக்கு மேலே பார்த்தாள். கீட்டோன்.

கீட்டோன். கீட்டோன். கரும்பைக் கடித்த மாதிரி அந்தச் சொல்லை வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அந்தச் சந்தோஷம் மட்டுமே இருந்தது. அப்புறம்தான் அந்தச் சொல் தன் பின்னால் எதை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்த்தாள். அவளுடைய அடுப்படியில் இப்போது சுள்ளி எரிகிறது. ஐந்து நாளாகச் சுள்ளி போகிறது. அதனால் சர்க்கரை குறைவாகத்தான் எடுக்கும். டாக்டர் விளக்கைக் கட்டியிருப்பது சர்க்கரையில், சுள்ளியில் அல்ல. பந்தியில் இலைகள் முன்னாலேயே பாதி வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கின்றன, வாளி வந்தால் கையை மறித்துப் போதும் போதும் என்கின்றன. படம் மங்கலாக விழும். நோயால் அல்ல, நேர்த்திக்கடனால். படம் வெளிச்சமாக வரட்டும் என்று நேர்ந்த மிளகே படத்தை இருட்டாக்கும், அந்த இருட்டைப் பார்த்து அவள் யார் என்று முடிவு செய்வார்கள். முருகா, இதென்ன விளையாட்டு. விரல் பொத்தானைத் தேடியது, கிடைத்தது, அமுக்கவில்லை. இது சரிதானா? எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் படித்தது. மங்கையர்க்கரசி, கத்தரிக்காய்க்குப் பெயர் தெரியாதவளே, எதை நம்பிச் சொல்லப்போகிறாய்? டாக்டர் அத்தனை படித்தவர், அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நீ சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கேட்டது நேற்று ராத்திரியைப் பற்றித்தான். ஒருவேளை படம் நிஜமாகவே இருட்டாக வரப்போகிறது என்று உள்ளூரத் தெரிந்து, முன்கூட்டியே சாக்குத் தேடுகிறாயோ? அப்படியும் இருக்கலாம். பெரியம்மாவும் தன் புத்தி சரியாக இருப்பதாகத்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பால் பொங்கியது நிஜம். அடுப்பங்கரையெல்லாம் வழிந்து கிடந்தது, துடைத்தவள் இவள்தான். எழுந்துபோய்ப் பார்த்திருந்தால் போதும், யாரும் போகவில்லை. சொல்ல வேண்டியது சொல்கிறவளின் வேலை. போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. மறுபடி ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி: குளுக்கோஸ், கிளைகோஜன், கொழுப்பு, கல்லீரல், கீட்டோன், கதவு. ஒரு கண்ணியும் விட்டுப்போகவில்லை. பழவாசனை சாட்சி. பொத்தானை அமுக்கினாள்.

"என்ன டீச்சர், பாத்ரூமா?" என்று ஜெபமணி சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "பேசலாமா?" "அமுக்கிட்டீங்க, இனி பேசாம என்ன செய்ய, சொல்லுங்க." "நான் அஞ்சு நாளாச் சாப்பிடலை, சிஸ்டர். சஷ்டி விரதம். தண்ணியும் மிளகும்தான்." சிஸ்டர் உள்ளே வந்து விளக்கைக் கூட்டினாள். "ஏசப்பா! அஞ்சு நாளா? இதை ஏன் முன்னாலயே சொல்லலை?" "நீங்க நேத்து ராத்திரியைத்தான் கேட்டீங்க." "எல்லாரும் தின்னுட்டுத் திங்கலைன்னு சொல்லுவாங்கன்னுதான் எங்களுக்குப் பயம். இப்படி ஒரு ஆள் வரும்னு யாருக்குத் தெரியும்?" டாக்டர் நவநீதன் வந்தார். மங்கையர்க்கரசி எழுந்து உட்கார்ந்துகொண்டு, சுள்ளியையும் கதவையும் விட்டுவிட்டு, நேராகச் சொன்னாள்: "கீட்டோன் ஏறியிருக்கும் டாக்டர். மூளை அதை எரிச்சுக்கிட்டிருந்தா உங்க சர்க்கரையைக் குறைச்சுத்தானே எடுக்கும்? படம் மங்கலா வராதா?" அவர் சரிம்மா என்று சொல்லவில்லை. விரலில் இன்னொரு சொட்டு எடுக்கச் சொல்லி கீட்டோன் பார்க்கிற வேறொரு பட்டையில் வைத்துப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். "நல்லாவே ஏறியிருக்கு. படம் எடுத்தாலும் எது பட்டினி, எது நோவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. சொல்லாம விட்டிருந்தீங்கன்னா தப்பாப் படிச்சிருப்போம். ஒரு வாரம், பத்து நாள் வழக்கம்போல நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க, புதுசா எடுத்துக்கலாம்." "அப்போ எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா?" "அது எனக்கு இன்னும் தெரியாதும்மா. இன்னைக்கு நீங்க சொன்னது சரி, அது மட்டும் தெரியும்." அது போதும் என்றிருந்தது. பத்து நாளைக்கு அது போதும்.

வெளியே சங்கரலிங்கம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சிஸ்டரே எல்லாவற்றையும் அவரிடம் போட்டு உடைத்துவிட்டாள். இன்றைக்கு இருட்டும்வரை கைக்குழந்தைகள் பக்கமும் கர்ப்பிணிகள் பக்கமும் டீச்சர் ஒட்டி உட்கார வேண்டாம், உள்ளே போன மருந்தின் கதிர் வெளிச்சம் கொஞ்ச நேரம் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் வாசலைத் தாண்டி வேப்பமரத்தடி சிமெண்டுப் பெஞ்சுவரை நடந்தார். உட்கார்ந்த பிறகுதான், "அப்ப அந்தப் பாலு?" என்றார். "பூனைக்கு." "அதான் அது மதிலேற முடியாமத் திணறுதா. பழவாசம் அடிச்சுதே?" "அது பழமில்லை. என் கொழுப்பு கரையுற வாசம்." "உன் கொழுப்பு எனக்குத் தெரியாததா" என்றார். சொல்லிவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எதுக்குளா சொல்லாம இருந்தே? மயங்கிக் கியங்கி விழுந்திருந்தா நான் என்ன செய்வேன்?" என்றபோது குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. அவள் கைப்பையை அவர் மடியிலிருந்து எடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஐந்து மிளகையும் வாயில் போட்டு, விழுங்காமல், இந்தமுறை மென்றாள். காரம் நாக்கிலிருந்து காதுவரை ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குள் அவர் எழுந்து ரோட்டோரத்துக்குப் போய், இளநீர்க்காரனிடம் ஒன்றை வெட்டி வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். "நாளைக்குத்தான் சூரசம்ஹாரம். விரதத்தை விடச் சொல்லலை. இளநீர் விரதம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எங்க அத்தை இருந்தாவ. முருகனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், என்கிட்ட சொல்லிட்டாரு." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், வாங்கிக்கொண்டாள். காரம் இருந்த நாக்கில் இளநீர் பட்டதும் அந்த இனிப்பு அவள் இதுவரை குடித்த எந்த இளநீரிலும் இல்லாததாக இருந்தது. மெதுவாகக் குடித்தாள். குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, கல்லீரலைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, கழுத்து வழியாக அந்தக் குறுகலான கதவுவரை அது வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை உள்ளே சுள்ளி எரியும். டாக்டர் கட்டி அனுப்பிய அந்தப் பொடி விளக்குகளும் யாரும் படமெடுக்காமலேயே அங்கங்கே எரிந்துகொண்டிருக்கும். பார்க்கிற இலையிலும், கேட்கிற இலையிலும், தூணுக்குப் பின்னால் கடைசி வரிசையிலும். "தள்ளி உக்காருங்க, நான் இன்னைக்கு வெளிச்சமா இருக்கேன்" என்றாள். "நான் என்ன கைப்பிள்ளையா" என்று சொல்லி, சங்கரலிங்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.